சனிக்கிழமைத் தபால்: நிறுத்தினால் நஷ்டம் தீருமா?

கடை நஷ்டத்தில் ஓடுகிறது. வாரத்தில் ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டால் நஷ்டம் குறையுமா?

வியாபாரிகளைக் கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்து நாற்பது வருஷம் ஓட்டியவன் நான். ஒரு மந்தமான காலத்தில் புதன்கிழமை பாதி நாள் கடையை மூடிப் பார்த்தேன். வாடகை குறையவில்லை. பையன்களின் சம்பளம் குறையவில்லை. கரண்டு பில் கொஞ்சம் குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புதன்கிழமை வந்துகொண்டிருந்தவர்கள் வியாழக்கிழமையும் வரவில்லை. பக்கத்துக் கடை பழகிவிட்டது. நான்காவது மாதம் பழையபடி திறந்துவிட்டேன்.

இந்தச் சின்ன அனுபவம் எனக்கு இருந்ததால்தான், உலகத்திலேயே பெரிய தபால்துறைகளுள் ஒன்றான அமெரிக்கத் தபால்துறை 'சனிக்கிழமை கடிதம் கொடுப்பதை நிறுத்தப் போகிறோம்' என்று அறிவித்தபோது, அந்த விவகாரத்தை ஆதியோடந்தமாகப் படித்துப் பார்க்க ஆசை வந்தது. நம் குடும்பங்களில் பலருக்கு மகனோ மகளோ அந்த நாட்டில் இருக்கிறார்கள். அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஊரை விட்டு வந்து பிழைத்தவர்கள் நாம். தபால் என்றால் என்ன என்று நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

ஆறு நாள் வழக்கம் வந்த கதை

அமெரிக்கா சுதந்திர நாடாவதற்கு முன்பே அங்கே தபால்துறை வந்துவிட்டது. 1775-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முதல் தலைமை அஞ்சல் அதிபராக நியமிக்கப்பட்டார். 2025-இல் அதற்கு 250 வயது நிறைந்தது.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தபால் ஆபீஸ் திறந்திருந்தது. தபால் வந்து சேரும் நாளெல்லாம் ஆபீசைத் திறக்க வேண்டும் என்று 1810-இல் சட்டமே போட்டார்கள். 'கர்த்தருடைய நாளில் வேலையா?' என்று திருச்சபைக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். தொழிலாளர்கள் ஓய்வுநாள் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்து, ஒரு நூற்றாண்டு கழித்து 1912-இல் ஞாயிறு விடுமுறையானது.

நகரங்களில் வீடு தேடிக் கடிதம் கொடுக்கும் முறை 1863-இல் ஆரம்பம். கிராமங்களுக்கு அது 1896-இல்தான் வந்தது. அதுவரை விவசாயி வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்த்தான் கடிதம் வாங்க வேண்டும். நகரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தபால்காரர் வந்த காலமும் உண்டு. 1950-இல் வீடுகளுக்கு ஒரே முறை என்று குறைத்தார்கள். ஆக, தபாலைக் குறைப்பது என்பது நேற்று வந்த யோசனை அல்ல.

1957-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். பணம் போதவில்லை என்று அன்றைய அஞ்சல் அதிபர் ஏப்ரல் 13, சனிக்கிழமை, பட்டுவாடாவை நிறுத்தியே விட்டார். நாடு முழுக்கக் கூச்சல். சில நாட்களுக்குள் ஜனாதிபதி ஐசனோவர் 4 கோடி டாலருக்கு மேல் கூடுதல் நிதிக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை தபால்காரர் வழக்கம்போல வந்தார். அந்த நிறுத்தம் நீடித்தது ஒரே ஒரு சனிக்கிழமை!

பிறகு 1970-இல் பெரிய மாற்றம். தபால்துறை ஒரு தனி நிறுவனம்போல ஆக்கப்பட்டது. தபால்தலை விற்ற காசில் தானே செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரிப்பணத்தை எதிர்பார்க்கக் கூடாது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1980களின் தொடக்கத்திலிருந்து அந்நாட்டுப் பாராளுமன்றம் வருஷா வருஷம் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்து வந்தது: வாரம் ஆறு நாள் பட்டுவாடா குறையக் கூடாது என்று. சொந்தக் காலில் நில் என்கிறார்கள். காலை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். பிற்காலத்துச் சிக்கலின் வேர் இதுதான்.

நஷ்டம் எங்கிருந்து வந்தது?

2006-இல் அங்கே 21,300 கோடி தபால்கள் போய்வந்தன. அதுதான் உச்சம். அதற்குப் பின் இறங்குமுகம். கரண்டு பில், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்தன. 2008-இல் பொருளாதாரச் சரிவு வந்து விளம்பரத் தபால்களும் குறைந்தன. இப்படியே போய் 2024-இல் 11,200 கோடி, ஏறக்குறைய பாதி.

தபால் குறைந்தது. ஆனால் வாசல் குறையவில்லை! ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கில் புது வீடுகள் சேருகின்றன. இன்று 16 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள். ஒரு வாசலுக்கு ஐந்து கடிதம் கொண்டுபோனாலும் ஒரு கடிதம் கொண்டுபோனாலும் தபால்காரர் நடக்கும் தூரம் ஒன்றுதானே. அந்த ஒரு கடிதத்தின் தலையில் முழு நடையின் கூலியும் விழுகிறது. எந்த நாட்டுத் தபால்துறைக்கும் இன்றைய வியாதி இதுதான்.

அமெரிக்காவில் இதோடு இன்னொரு பாரமும் சேர்ந்தது. 2006-இல் வந்த ஒரு சட்டம், ஓய்வுபெறப் போகும் ஊழியர்களின் பிற்கால மருத்துவச் செலவுக்கு இப்போதே பணம் எடுத்து வை என்றது. வருஷத்துக்கு சுமார் 550 கோடி டாலர் வீதம் பத்து வருஷம். மற்ற அரசுத் துறைகளுக்கு இப்படி ஒரு கட்டளை இல்லை. பேரனின் கல்யாணச் செலவை இந்த வருஷக் கடைக் கணக்கிலேயே எழுது என்று ஆடிட்டர் சொன்னால் எந்தக் கடை லாபம் காட்டும்?

2012-ஆம் நிதியாண்டில் 1,590 கோடி டாலர் நஷ்டம் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அதில் 1,110 கோடி இந்த முன்பண வகையைச் சேர்ந்தது. அதையும் கட்ட முடியாமல் பாக்கி வைத்திருந்தார்கள். மிச்சம் 480 கோடிதான் தொழிலில் வந்த மற்ற நஷ்டம். அதுவும் சின்னத் தொகை அல்ல. ஆனால் பத்திரிகைத் தலைப்பில் இருந்த எண்ணும் கடையின் கல்லாவில் இருந்த எண்ணும் வேறு வேறு. சனிக்கிழமையை வெட்டலாம் என்ற பேச்சு அந்தப் பெரிய எண்ணைக் காட்டித்தான் வலுத்தது.

310 கோடியா, 170 கோடியா?

இனி கணக்குக்கு வருவோம். 2010-இல் தபால்துறையின் வருஷச் செலவு ஏறத்தாழ 7,500 கோடி டாலர். ஆறு நாளில் ஒரு நாளை நிறுத்தினால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1,250 கோடி மிச்சமாகும் என்று நாம் மனக்கணக்குப் போடுவோம்.

தபால்துறை தானே போட்ட கணக்கு என்ன தெரியுமா? 310 கோடி. ஏன் இவ்வளவு குறைவு? கட்டடம், இயந்திரம், லாரி, பென்ஷன் இதெல்லாம் சனிக்கிழமை நின்றதால் குறைவதில்லை. சனிக்கிழமைக் கடிதம் காற்றில் கரைந்தும் போவதில்லை. திங்கட்கிழமை மூட்டையில் ஏறிக்கொள்கிறது. திங்கட்கிழமை ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும்.

அங்கே தபால்துறையைக் கண்காணிக்க ஒரு ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. அது இந்தக் கணக்கை வாங்கி ஒரு வருஷம் பரிசீலித்து, 2011 மார்ச்சில் கருத்துச் சொன்னது: மிச்சமாவது 170 கோடிதான். வாடிக்கையாளர் விலகிப் போவதால் வரும் இழப்பைத் தபால்துறை குறைத்து மதிப்பிட்டுவிட்டது. முக்கியக் கடிதங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இரண்டு நாள் தாமதமாகும். இன்னொன்றும் சொன்னது: தூரத்துக் கிராமங்களிலும் ஒதுக்குப்புறங்களிலும் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதைத் தபால்துறை சரிவர ஆராயவில்லை.

முதல் குறையைவிட இந்தக் கடைசிக் குறைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. 310-க்கும் 170-க்கும் உள்ள வித்தியாசம் கணக்குப்பிள்ளைகள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. யாருக்கு வலிக்கும் என்று பார்க்காமல் கத்தியை எடுப்பது வேறு விஷயம்.

வலி யாருக்கு?

கருத்துக்கணிப்பு எடுத்தபோது அமெரிக்கர்களில் பெரும்பாலோர், 'சனிக்கிழமை வேண்டாம் என்றால் பரவாயில்லை, நஷ்டம் குறையட்டும்' என்றுதான் சொன்னார்கள். அது பொய்யல்ல. நகரத்தில் கம்ப்யூட்டரும் கூரியரும் பக்கத்தில் மருந்துக்கடையும் இருப்பவருக்கு ஒரு நாள் குறைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கான அரசுத் துறை தன் மருந்துகளில் பெரும்பகுதியைத் தபாலில்தான் அனுப்புகிறது. சின்ன ஊர் வாரப் பத்திரிகைகள் வாரக் கடைசியில் வாசகர் கைக்குப் போக வேண்டியவை; திங்கட்கிழமை போனால் அதிலிருக்கும் சந்தை விளம்பரம் யாருக்கு? அரிசோனாவில் பெரும் பள்ளத்தாக்கின் அடியில் சுப்பாய் என்று ஒரு பழங்குடிக் கிராமம். அங்கே இன்றைக்கும் கோவேறு கழுதைகள்தான் தபாலையும் சாமான்களையும் சுமந்து இறங்குகின்றன. லாபம் பார்க்கும் கம்பெனி எதுவும் அந்தக் கழுதைகளுக்குத் தீனி போடாது.

அந்நாட்டில் 1934-இலிருந்து ஒரு சட்டம் உண்டு. வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் தபால்துறை தவிர வேறு யாரும் தபால்தலை ஒட்டாத எதையும் போடக் கூடாது. இந்தத் தனி உரிமை எதற்குக் கொடுக்கப்பட்டது? லாபமுள்ள தெருவோடு நஷ்டமுள்ள மலைக்கும் போ என்பதற்காகத்தான். உரிமையை வைத்துக்கொண்டு மலையை மட்டும் கழற்றிவிட்டால் வியாபார தர்மப்படியும் அது சரியல்ல.

2013: இரண்டு மாத விவகாரம்

2013 பிப்ரவரி 6-ஆம் தேதி அஞ்சல் அதிபர் பாட்ரிக் டோனஹோ அறிவித்தார்: ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை கடிதம் கிடையாது, பார்சல் மட்டும் உண்டு, வருஷத்துக்கு 200 கோடி டாலர் மிச்சம். பாராளுமன்றம் மார்ச்சில் நிறைவேற்றிய செலவு மசோதாவில் அந்தப் பழைய ஆறு நாள் வரி அப்படியே இருந்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி தபால்துறையின் ஆளுநர் குழு, 'சட்டம் இடம் தரவில்லை' என்று பின்வாங்கியது. அத்தோடு முடிந்தது.

ஆனால் கதையின் வேடிக்கை அதற்குப் பிறகுதான். அதே 2013 நவம்பரில், சனிக்கிழமையை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன அதே தபால்துறை, அமேசான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமையும் பார்சல் கொடுக்க ஆரம்பித்தது! 1912-இல் அடைத்த கதவு நூறு வருஷம் கழித்துத் திறந்தது. கடிதம் போன இடத்தில் பார்சல் வந்து உட்கார்ந்தது. சனிக்கிழமை ஓடும் வண்டியை நிறுத்தியிருந்தால், இந்தப் புது வரவுக்குப் பாதியாவது தயாராக இருந்திருக்க முடியுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஞாயிறு வேலைக்கும் ஒரு விலை இருந்தது. ஜெரால்டு க்ராஃப் என்ற பென்சில்வேனியா மாநிலக் கிராமத் தபால்காரர், ஞாயிறு என் வழிபாட்டு நாள், பார்சல் எடுக்க மாட்டேன் என்றார். வேலை போகும் நிலை வந்து தானே விலகினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, ஊழியரின் மத அனுஷ்டானத்துக்கு இடம் கொடுக்க மறுக்க வேண்டுமானால் தொழிலுக்குக் கணிசமான பாரம் விழும் என்று முதலாளி காட்ட வேண்டும் என்றார்கள். தபால் என்பது வாங்குபவரின் வசதி மட்டுமல்ல, சுமப்பவரின் ஓய்வும் அதில் இருக்கிறது. ஆறு நாள் வேண்டும் என்று வாதாடும் நாம் இதை மறக்கக் கூடாது.

கடைசியில் 2022 ஏப்ரலில் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. முன்பணக் கட்டளை நீக்கப்பட்டது. சேர்ந்திருந்த 5,700 கோடி டாலர் பாக்கி தள்ளுபடி ஆனது. கடிதமும் பார்சலும் சேர்த்து வாரம் ஆறு நாள் பட்டுவாடா என்பது நிரந்தரச் சட்டமானது.

அப்படியானால் நஷ்டம் தீர்ந்ததா? இல்லை. 2024-இல் 950 கோடி, 2025-இல் 900 கோடி டாலர் நஷ்டம். முன்பணத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்களும் முழுக்கச் சரி இல்லை. வியாதி இரண்டு இருந்தது. ஒன்றுக்குத்தான் மருந்து கிடைத்தது. வாசல் கூடிக் கடிதம் குறையும் வியாதி அப்படியே இருக்கிறது.

மற்ற நாட்டார் செய்தது

கனடா 1969-லேயே சனிக்கிழமைக் கடிதத்தை நிறுத்திவிட்டது. நியூசிலாந்து 2015-இல் நகரங்களில் வாரம் மூன்று நாள் என்று குறைத்தது. பிரிட்டனில் 2025 ஜூலை முதல் இரண்டாம் வகுப்புக் கடிதங்கள் சனிக்கிழமை இல்லை, மற்ற நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள். முதல் வகுப்பு மட்டும் பழையபடி ஆறு நாள். அவசரமா, கூடக் காசு கொடு என்ற ஏற்பாடு. டென்மார்க்கில் நானூறு வருஷமாகக் கடிதம் கொடுத்த அரசுத் தபால்துறை 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. கடிதம் எழுத நினைப்பவர் இனித் தனியார் கம்பெனியிடம் போக வேண்டும்.

இவற்றைப் பார்த்தால் ஒரு உண்மை தெரிகிறது. நாளைக் குறைப்பதே பாவம் என்றும் இல்லை. அடர்த்தியாக மக்கள் வாழும் சின்ன நாட்டில், எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட இடத்தில், அது தாங்கும். வைத்தியர் நாடி பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

என் சிற்றறிவுக்கு எட்டியது

நஷ்டத்தில் இருக்கும் தபால்துறை வாரக்கடைசிப் பட்டுவாடாவை வெட்டலாமா என்று கேட்டால் நான் மூன்று கேள்வி கேட்பேன்.

முதலாவது, நஷ்டம் அந்த நாளால்தான் வந்ததா? அமெரிக்காவில் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வந்தது. தலைவலிக்குக் கால்நகத்தை வெட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, மிச்சமாகும் பணம் எவ்வளவு, யார் பையிலிருந்து? நூறு பேருக்கு ஒரு ரூபாய் மிச்சம் பண்ண, வேறு வழியில்லாத ஒருவரின் மருந்தை இரண்டு நாள் தள்ளிப்போடுகிறோம் என்றால் அதைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது. அந்த ஒருவர் தலையில் ஏற்றிய வரி அது.

மூன்றாவது, குறைத்த பிறகு வாடிக்கை நிற்குமா? தபாலின் முதல் சரக்கு கடிதமல்ல, 'இன்றைக்கு வரும்' என்ற நம்பிக்கை. அது ஒருமுறை போனால் தள்ளுபடி கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால், விளம்பரக் கடிதத்தைக் குறைக்கட்டும், நகரத்தில் குறைக்கட்டும். மருந்து, பணம், அரசு ஓலை இவற்றை விட்டுவைக்கட்டும். நஷ்டமுள்ள வழித்தடத்துக்கு ஆகும் செலவை அரசாங்கம் 'இது பொதுச் சேவைக்கான கூலி' என்று வெளிப்படையாகக் கொடுக்கட்டும். சொந்தக் காலில் நில் என்றும் சொல்லி, மலையும் ஏறு என்றும் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கினால் திட்டுவது நியாயமில்லை.

நம் நாட்டுக்கு வந்தால்

இந்தியாவில் 1,64,000-க்கும் மேற்பட்ட தபால் ஆபீஸ்கள்; பத்தில் ஒன்பது கிராமங்களில். 1985-இல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்த பிறகும் நம் தபால்காரர் சனிக்கிழமையும் வருகிறார். இங்கும் வரவைவிடச் செலவு அதிகம், அரசாங்கம் ஈடுகட்டுகிறது. தந்தி 2013 ஜூலையில் நின்றது. ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, அந்தக் கேள்வி ஒருநாள் நம் வாசலுக்கும் வரும். வரும்போது நகரத்தில் இருக்கும் நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். 'எங்களுக்குப் பரவாயில்லை' என்று நாமும் சொல்லிவிடுவோம்.

சொல்வதற்கு முன் நான் ஒன்றை நினைத்துக்கொள்வேன். 1982-இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு பம்பாய் வந்தவன் நான். மாட்டுங்கா பக்கம் ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்றேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவும் தங்கையும். ஒருமுறை தங்கைக்குப் பரீட்சைப் பணம் திங்கட்கிழமை காலை கட்டியாக வேண்டும். மணியார்டர் அனுப்பிவிட்டேன், போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. போனெல்லாம் ஏது அப்போது? விளக்கு வைக்கும் முன் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா இலை போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதாம். பக்கத்து ஊரிலிருந்து நாலு மைல் மிதித்து வந்த தபால்காரர், "அம்மா, பம்பாய்ப் பணம் வந்திருக்கு. திங்கக்கெழம கொடுத்துக்கலாம்னுதான் நெனச்சேன். பொண்ணு பரீட்சைக்குன்னு கூப்பன்ல எழுதியிருந்தான் உங்க பையன், அதான் வந்துட்டேன்" என்றாராம்.

தங்கை அந்தப் பரீட்சை எழுதினாள். பிறகு டீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். அந்தச் சனிக்கிழமை நடைக்கு ஆன செலவு எந்தத் தபால்துறையின் நஷ்டக் கணக்கிலும் இருக்கும். அதன் வரவு எங்கள் வீட்டில் இருக்கிறது.